ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர்

மார்ச் 2

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே இருக்கிறேன். நீயும் அங்கே சௌகரியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். தையல் கடை நன்றாக ஓடுகிறதா?

போன் செய்திருக்கலாம். உன் நம்பர் பழைய போனோடு போய்விட்டது. தவிர, விடுதி அறையில் நான்கு பேர் இருக்கிறோம். தும்மினால்கூட மற்ற மூன்று பேருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் கடிதம்.

விஷயம் எனக்கில்லை, என் அறையில் இருக்கிற ஒருவனுக்கு. நல்ல பையன். எங்கள் மீன் டப்பா தொழிற்சாலையில் லேபிள் ஒட்டும் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், புருஷனை இழந்தவள். போன வாரம் இவன் அவள் அறைக்குப் போயிருக்கிறான். ஆணுறை போட்டிருந்தானாம், பாதியில் கிழிந்துவிட்டதாம். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எச்.ஐ.வி. வந்திருக்குமோ என்று பயந்து சாகிறான். கண்டவனிடமும் கேட்கிற விஷயமா இது? அத்தான் விஷயத்தில் நீ எல்லாம் பார்த்தவள், உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே. என்ன செய்யலாம் என்று இரண்டு வரி எழுது. அவனிடம் சொல்லிவிடுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. ஆறு வருடமாக நலமாகத்தான் இருக்கிறேன். நீ கேட்காததால் சொல்லவில்லை.

ஆமாம், எனக்கு இதெல்லாம் பழக்கம்தான். புருஷனை வாரிக் கொடுத்துவிட்டு, அதே கிருமியை என் ரத்தத்திலும் வைத்துக்கொண்டு, தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். பழகாமல் என்ன செய்வது?

இப்போது அந்த நல்ல பையனுக்குச் சொல். உறை கிழிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்று நாளைக்குள் ஆரம்பித்தால் நோய் ஒட்டாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. ஒரு மாதம் விடாமல் போட வேண்டும். அந்த மூன்று நாளையும் அவன் கட்டிலில் புரண்டே கழித்திருக்கிறான். நீயும் உன் பங்குக்குத் தபாலில் போட்டாய். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலும் இருக்கும், அங்கே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கிருமி இருக்கிறதா என்றே தெரியாது. இருந்தாலும் ஒரு தடவையில் ஒட்டிவிடும் என்று கட்டாயமில்லை, பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் பெரும்பாலும் என்றால் பெரும்பாலும், அவ்வளவுதான். ஒன்றரை மாதம் ஆன பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பிலிருந்து ரத்தம் கொடுக்கச் சொல். அதுவரை வேறு யாரிடமும் போகாமல் இருக்கச் சொல்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல வெயில். அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

நான் கேட்டது இரண்டு வரி. நீ எழுதியது சாட்டையடி. போகட்டும். உன் கடிதம் வருவதற்குள்ளேயே பரிசோதனை முடித்தாயிற்று. ஐந்தாம் நாளே தனியார் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்று தாளில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் உன் ஒன்றரை மாதக் கணக்கெல்லாம் தேவைப்படாது.

ஆனால் நான்கு நாளாக உடம்பு கொதிக்கிற மாதிரி இருக்கிறது. தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் இல்லை என்கிறது. முதுகில் ஒரு தடிப்பு. நாக்கு வெள்ளையாக இருக்கிறதா என்று தொழிற்சாலைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன், மேற்பார்வையாளர் வந்து, "என்னப்பா, பல்லு எண்றியா?" என்கிறார். கொசு கடித்து வருமா? சவரக் கத்தி? அவள் குடித்த கிளாசில் நானும் குடித்தேன், அதனால்? இதற்கெல்லாம் பதில் எழுது.

அந்த லேபிள்காரி பக்கம் இப்போது தலை வைத்துப் படுப்பதில்லை. எத்தனை பேரைப் பார்த்தவளோ. சாப்பாட்டு வரிசையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், நான் தட்டோடு ஓடிவிடுகிறேன். ஆடி பிறப்பதற்கு முன்னால், ஜூலை முதல் வாரத்தில் கல்யாணம் வைத்திருக்கும் நேரத்தில் எனக்கு இது தேவையா?

சீக்கிரம் பதில் போடு.

தம்பி

*

மார்ச் 27

தொட்டாச்சிணுங்கிக்கு,

சின்ன வயதில் உனக்கு வைத்த பேர். இப்போதும் பொருந்துகிறது.

உன் அறை நண்பன் எங்கே போனான்? இந்தக் கடிதம் முழுக்க உன் முதுகு, உன் நாக்கு என்று இருக்கிறதே. பாவம், நல்ல பையன் என்று எழுதியிருந்தாய்.

நீ டப்பா மூடியின் விளிம்பைச் சோதிக்கிற ஆள். மீனை அடைத்த டப்பாவை அன்றைக்கே லாரியில் ஏற்றுவீர்களா? சூடான அறையில் இரண்டு வாரம் அடுக்கி வைத்து, எது உப்புகிறது என்று பார்த்த பிறகுதானே அனுப்புவீர்கள்? அடைத்த அன்றே தட்டிப் பார்த்தால் எல்லாம் நல்ல டப்பாதான் என்று நீயே சொல்லிப் பெருமையடிப்பாய். உன் சொந்த ரத்தத்துக்கு மட்டும் ஐந்தாம் நாளே முத்திரை குத்திக்கொண்டாயா? அந்தத் தாளைக் கிழித்துப் போடு. ஒன்றரை மாதம் என்றால் ஒன்றரை மாதம்தான்.

கொசுவால் வராது. ஒரே கிளாசில் குடித்தால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. தொட்டால் வராது. இந்த நான்கு வரியையும் ஆறு வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருப்பேன், நீ நின்று வாங்கியிருந்தால்.

அத்தானை எடுத்துக்கொண்டு போன மறுநாள் வந்தாய். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாய். வெயிலில் வந்தவன் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கினாய். "அப்புறம் குடிக்கிறேன்க்கா" என்று சொல்லி ஜன்னல் திட்டில் வைத்தாய். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாய். அந்த டம்ளரை நான் இரண்டு நாள் எடுக்கவில்லை. திரும்பி வந்து குடிப்பாய் என்று நினைத்த முட்டாள் நான். அதற்குப் பிறகு வருடா வருடம் உன் பிறந்தநாளுக்குச் சட்டை தைத்து அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வார்த்தை உண்டா? அந்தச் சட்டையெல்லாம் எங்கே?

அந்தப் பெண் எத்தனை பேரைப் பார்த்தவளோ என்கிறாய். அவளைக் கேட்டால் உன்னைப் பற்றியும் அதையேதான் கேட்பாள்.

உனக்குக் கல்யாணம் என்பதை உன் கடிதத்தின் கடைசி வரியில் தெரிந்துகொண்டேன். சந்தோஷம்.

அக்கா

*

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

நான் நலமில்லை. நீ நலமாக இருப்பாய், ஏனென்றால் பழசையெல்லாம் மொத்தமாக என் தலையில் கொட்டிவிட்டாய்.

பயந்துபோய் உன்னிடம் வந்தால் இதுதான் சமயம் என்று பழி தீர்க்கிறாய். அப்போது எனக்கு வயது என்ன, எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஊரே உன் வீட்டுப் பக்கம் போகாதே என்றது. சட்டையைக் கேட்டாயே, சொல்கிறேன். ஊசி உன் விரலில் குத்தியிருந்தால் துணியில் ரத்தம் இருக்குமே என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எல்லாம் சுருங்கிப் போயின. பெட்டிக்கு அடியில் கிடக்கின்றன. போதுமா?

இப்போது என் நிலைமையைக் கேள். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருக்கிறேன். சோப்பு தனி, துண்டு தனி. நான் குளித்த பிறகு குளியலறையை நானே தேய்த்துக் கழுவுகிறேன். அறையில் எல்லார் தட்டிலும் கை வைக்கிற ஒருவன் இருக்கிறான், கரண்டி என்று கூப்பிடுவோம். நேற்று என் தட்டில் கை வைக்க வந்தான், வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "என்னடா, எங்களுக்கு என்ன சொறியா பிடிச்சிருக்கு? பெரிய ராஜா வீட்டுப் பிள்ளை!" என்று கத்திவிட்டான். மூன்று பேரும் பேசுவதில்லை. அவர்களைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் என்னைத் தொடாமல் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கு வந்துவிட்டது, அக்கா. நிச்சயமாகத் தெரிகிறது. அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்துவிடட்டுமா? உன் கையால் சாப்பிடுகிறேன். தண்ணீரும் குடிக்கிறேன். இனிமேல் எனக்கு என்ன?

தம்பி

*

ஏப்ரல் 12

தொட்டாச்சிணுங்கிக்கு,

வராதே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தனித் தட்டு, தனி டம்ளர் என்ற இடத்தில் உன்மேல் இரக்கம் வந்தது, மறைக்கவில்லை. ‘இனிமேல் எனக்கு என்ன’ என்ற இடத்தில் அந்த இரக்கம் போய்விட்டது. நானும் இப்படி ஆகிவிட்டேன், இனி இவள் தண்ணீரைக் குடித்தால்தான் என்ன என்று வருகிறாய். அந்த நினைப்போடு குடிக்கிற தண்ணீர் எனக்கு வேண்டாம். குழாயில் குடித்துக்கொள்.

முதலில் பரிசோதனைக்குப் போ. நாள் ஆகிவிட்டது. உனக்கு ஒன்றும் இல்லை என்று கையில் தாள் வந்த பிறகு, இந்த உடம்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உனக்குத் திரும்பி வந்த பிறகு, அப்போது வா. அப்போது என் டம்ளரில் குடி. அதுவரை என் வாசல்படியை மிதிக்காதே.

ஒருவேளை உனக்கு இருந்தால் அன்றைக்கே பஸ் ஏறு. அதற்கு விதி வேறு. ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருவேன்.

அத்தான் எதனால் செத்தார் என்று நினைக்கிறாய்? அவர் வெல்டர், நெருப்புக்கே பயப்படாத மனுஷன். ஒரு ஊசிக்குப் பயந்தார். இருமிக்கொண்டே, "நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்" என்று ஒரு வருடம் ஓட்டினார். நுரையீரல் முழுக்கக் காசநோய் பரவிய பிறகு தூக்கிக்கொண்டு போனோம். அப்போதுதான் எனக்கும் பார்த்தார்கள். அவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை. முன்னாலேயே போயிருந்தால் என்னைப் போல அவரும் இன்று மாத்திரை போட்டுக்கொண்டு என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். என் ரத்தத்தில் இப்போது தேடினாலும் கிருமி அகப்படவில்லை, உன்னால் யாருக்கும் பரவாது என்று டாக்டரம்மா சொல்லி நான்கு வருடம் ஆகிறது. உனக்கு இதைச் சொல்ல நீ எங்கே இருந்தாய்?

பயந்து பயந்தே ஒருவரைக் கொடுத்துவிட்டேன். உன்னையும் கொடுக்க முடியாது. நாளைக்குப் போகிறேன் என்று மட்டும் எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மிக நலம்! நீயும் அங்கே நலமாக, சந்தோஷமாக இருக்க வேண்டும்!

அரசு ஆஸ்பத்திரியில் நரம்பிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் இல்லை. நான் சுத்தம். ஆலோசனை அறையில் இருந்த அம்மா இது கிட்டத்தட்ட முடிவான முடிவுதான், மனசு கேட்காவிட்டால் மூன்று மாதம் முடிந்ததும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்ததும் உலகமே புதிதாகத் தெரிந்தது. கரண்டிக்கு என் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். "பேய் இறங்கிடுச்சா?" என்றான்.

இந்த விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும். என் கடிதங்களை எரித்துவிடு.

வரச் சொல்லியிருந்தாய். இப்போது டபுள் ஷிப்ட் ஓடுகிறது, லீவு கிடைப்பது கஷ்டம். கல்யாண வேலையும் தலைக்கு மேல் கிடக்கிறது. பிறகு பார்க்கலாம். உடம்பைக் கவனித்துக்கொள், வேளைக்கு மாத்திரை போடு.

அன்புத் தம்பி

*

மே 3

தம்பிக்கு,

உனக்கு ஒன்றும் இல்லை என்று படித்ததும் கடையில் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். அது உண்மை. பிறகு மறுபடி படித்தேன்.

நீ சுத்தம் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் நான் என்ன? எழுதும்போது கை கூசவில்லையா?

‘பிறகு பார்க்கலாம்’ என்பதும் ‘அப்புறம் குடிக்கிறேன்க்கா’ என்பதும் ஒன்றுதான். கடிதங்களை எரிக்கவில்லை. எரிக்கவும் மாட்டேன். யாரிடமும் காட்டவும் மாட்டேன், பயப்படாதே. பயப்படுவதில் உனக்கு இணை கிடையாது.

கல்யாணத்துக்கு நான் வரவேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கடிதமாக நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் ஒளித்துக்கொண்டு போய் நிற்காதே, அந்தப் பாடத்தைப் படித்தவள் சொல்கிறேன்.

இனி எழுத வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 3

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

ஏப்ரல் சந்தோஷம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. டப்பா சோதிக்கிற புத்தி, ஒரு டப்பா தேறினால் அடுத்ததையும் தட்டச் சொல்கிறது. வேறு வேறு இடத்தில் மூன்று தடவை ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி அரசு ஆஸ்பத்திரிக்கே போனேன். அந்த அம்மா அடையாளம் கண்டுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல, இனி பார்க்க வேண்டியதும் இல்ல. பயம்தான் இருக்கு. அதுக்கு இங்க ஊசி கிடையாது. உங்களுக்கு இந்த நோய் இருக்கிற யாரையாவது தெரியுமா? அவங்க கூடப் பேசியிருக்கீங்களா?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

லேபிள் பிரிவுப் பெண்ணிடம் போய், நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்றேன். உறை கிழிந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், நீ சொன்ன அந்தத் தடுப்பு மாத்திரையை வாங்கிப் போட்டுவிட்டாளாம். "உங்ககிட்டயும் சொல்லலாம்னுதான் சாப்பாட்டு வரிசையில சிரிச்சேன். நீங்கதான் பேயைப் பார்த்த மாதிரி ஓடுனீங்க" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அது அவள் இஷ்டம்.

நீ என்றைக்கு வீட்டில் இருப்பாய், என்றைக்குக் கடையில் இருப்பாய்? சும்மா கேட்கிறேன்.

தம்பி

*

ஜூன் 10

ஞாயிறு வீட்டில். மற்ற நாள் கடை, இருட்டும்வரை. சாவி எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கும். சும்மா கேட்டதற்குச் சும்மா பதில்.

அக்கா

*

ஜூன் 21

தொட்டாச்சிணுங்கிக்கு,

நான் நலம். நீ பஸ்ஸில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா?

ஞாயிறு வீட்டில் இருப்பேன் என்று எழுதினால் சனிக்கிழமை வருகிற ஆளை என்னவென்று திட்டுவது? நேற்றுக் கடையிலிருந்து வந்ததும் எதிர்வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார். "உன் தம்பியாமே, வந்திருந்தாரு. தண்ணி கேட்டாரு. உள்ள வாங்க, நான் தரேன்னேன். வேணாம், அக்கா வீட்டுத் தண்ணிதான் வேணும்னு சாவியை வாங்கிட்டுப் போனாரு. ஆளு நல்லாத்தான் இருக்காரு, சட்டைதான் சின்னப் பையன் சட்டை மாதிரி. பொத்தானே போட முடியல, தொப்புள் தெரியுது" என்றார். அந்தத் துணி நீலமா என்று கேட்டேன். நீலம் என்றார். மூன்றாம் வருடம் தைத்தது. வெந்நீரில் போட்டுச் சாகடித்த சட்டையை மாட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தாயா? பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லையா?

சட்டை சங்கதியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தேன். ஜன்னல் திட்டில் டம்ளர் இருந்தது. ரத்தம் கொதித்துவிட்டது எனக்கு. மறுபடியும் வைத்துவிட்டுப் போய்விட்டான், இந்தத் தடவை வாசலைத் தாண்டி உள்ளே வந்தும் வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். அதை எடுத்துக் கொல்லையில் வீசப் போனேன்.

பாதிதான் இருந்தது.

அதற்குமேல் குடிக்க முடியவில்லையா? இல்லை, எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் மீதி வைத்தாயா? எதுவானாலும் பாதி பாதிதான், முழுசு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை ஞாயிற்றுக்கிழமை வா. என் கண் முன்னால் முழு டம்ளர் குடி. மார்பளவும் தோள் அளவும் எடுத்து அனுப்பு, புதிதாகத் தைக்கிறேன். கல்யாணம் நடந்தால் வருவேன், எல்லாரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நடக்காவிட்டாலும் நீ வந்துவிடு.

மீதித் தண்ணீரைக் கொட்டவில்லை. நானே குடித்துவிட்டேன்.

அக்கா